இரண்டு அறைக்கும் ஒரே மகள்

"ஒரே பொண்ணுக்கு எப்படிம்மா ரெண்டு அப்பா இருக்க முடியும்?"

போனில் முதியோர் இல்லத்து நர்ஸ் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. அலுவலகத்தில் வேறு வேலை தலைக்கு மேல் கிடந்தது. அந்த இல்லத்தில் ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு திரை உண்டு. அதில் அவரவர் குடும்பப் படங்கள் மாறி மாறி ஓடும். ஓடவைக்கும் புரோகிராம் அவள் எழுதியது.

"நிதானமா சொல்லுங்க சிஸ்டர்."

"என்னத்த நிதானம்? பன்னெண்டாம் ரூம்ல டிரைவர் இருக்கார்ல, ஆயுசெல்லாம் லாரி ஓட்டினவர். பக்கத்து ரூமுக்கு இன்னைக்குக் காலையில ஒரு கடைக்காரர் புதுசா வந்தார். அவர் சுவர்லயும் டிரைவரோட பொண்ணு, மாப்பிள்ளை, பேரன்தான் ஓடுறாங்க. 'என் பொண்ணு உன் ரூம்ல என்னய்யா பண்றா'ன்னு இவர் கேக்க, 'யார் பெத்த பொண்ணோ, நீ கதை விடுற'ன்னு அவர் சொல்ல, இன்னும் கைகலப்பு ஒண்ணுதான் பாக்கி."

அவள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். பயந்தது சரிதான்.

"சிஸ்டர், அந்தப் புரோகிராம் ஒவ்வொரு ரூமா போகும். ரூம் பேர்ல ஃபோல்டர் இருந்தா அதுல உள்ள படத்தைப் போடும். இல்லேன்னா, திரை இருட்டா இருக்கக் கூடாதுன்னு பொது ஃபோல்டர்ல இருக்கறதை எடுத்துப் போடும். கடைக்காரர் வீட்ல இன்னும் படம் அனுப்பல, அதான்."

"சரி, அதுக்கு டிரைவர் வீட்டுப் படத்தை எதுக்குப் பொதுவுல வெச்ச?"

"நான் வெக்கல. டிரைவருக்கும் ஃபோல்டர் இல்ல. அவருக்கு யாருமே எதுவும் அனுப்பல. மத்த எல்லா ரூமுக்கும் இருந்துச்சு, அதனால இத்தனை நாளா தெரியாமப் போச்சு."

"அப்ப அந்தப் படத்துல இருக்கறவங்க யாரு?"

"சும்மா சோதனைக்குன்னு அவசரத்துல போட்டது. அப்புறம் பூ, மலைன்னு மாத்திக்கலாம்னு நினைச்சேன், மறந்துட்டேன்."

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அவளுக்கு நுழைந்திருந்தது, அதுதான் வம்பு.

"இப்பவே எடுத்துடறேன் சிஸ்டர்."

"எடுக்காதேம்மா. படுக்கையை விட்டே எழுந்திருக்காமக் கிடந்த மனுஷன் அவர். அந்தப் படம் வந்த பிறகுதான் தினம் ஷேவ் பண்றார், சட்டை மாத்தறார். பேரனுக்கு முன்பல் விழுந்ததை ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. மாப்பிள்ளை தங்கமானவராம், ஆனா கொஞ்சம் சோம்பேறியாம்."

அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அதுக்காக ஒருத்தரோட குடும்பத்தைத் தூக்கி இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட முடியுமா? அவங்களைக் கேக்க வேண்டாமா?"

"கேளேன். வேண்டாம்னா சொல்லிடுவாங்க?"

போனை வைத்துவிட்டாள். இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். பொதுப் படங்களை அழித்தால் சண்டை தீர்ந்துவிடும். டிரைவருக்கு மகளும் இல்லாமல் போய்விடுவாள்.

கடைசியில் பன்னிரண்டாம் அறையின் பெயரில் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, அந்தப் படங்களை அதில் போட்டாள். பொது ஃபோல்டருக்கு ரோஜாப்பூ. புரோகிராமை ஓடவிட்டாள். அது சமர்த்தாக அறை அறையாகப் போய், டிரைவருக்கு அவர் பெயரில் இருந்ததை எடுத்தது, கடைக்காரருக்குப் பூவைப் போட்டது.

அப்பாடா என்று சாய்வதற்குள் மறுபடியும் போன்.

"படம் சரியாயிடுச்சு. கடைக்காரர் வாய்தான் அடங்கல. 'சொந்தப் பொண்ணுன்னா ஒரு தடவையாவது வந்து பாக்க மாட்டாளா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரல."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேண்டுமென்றே நிற்பதுபோல இருந்தது.

இல்லத்தின் கதவை நர்ஸ்தான் திறந்தார். இத்தனை நாளும் இருவருக்கும் குரல் மட்டும்தான் பழக்கம்.

"யாரைப் பாக்கணும்..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, அவள் முகத்தையே உற்றுப் பார்த்தபடி வழிவிட்டார்.

அவள் நேரே பன்னிரண்டாம் அறைக்குப் போனாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிய டிரைவர் அவளைப் பார்த்தார். சுவரில், பல் விழுந்த பையனை அணைத்தபடி சிரிக்கும் பெண்ணைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அப்புறம், வாசலில் எட்டிப் பார்த்த கடைக்காரரிடம் சொன்னார்:

"யார் பொண்ணுன்னு இப்ப அவளையே கேளுய்யா."