ஆறாவது பொத்தான்

தங்கபாண்டி வீட்டிலேயே செய்த வீடியோ கேம் பெட்டியில் ஐந்து பொத்தான்களுக்குள் எல்.இ.டி. பளிச்சென்று எரிந்தது. ஆறாவது மட்டும் அழுமூஞ்சியாக இருண்டு கிடந்தது.

பெட்டியை விலைபேசியிருந்த கல்லாற்று ரிசார்ட்காரர் நாளைக் காலையில் வண்டியோடு வருகிறார். எல்லாம் மின்னினால்தான் எடுப்பாராம்.

"இந்த வெளையாட்டுச் சாமானுக்கா லே சோறு தண்ணியில்லாம கெடக்க?" என்றாள் அம்மா பார்வதியம்மாள்.

"வெளையாட்டு இல்லம்மா, இதான் என் தொழிலு! எத்தன வாட்டி பறையணும்?"

கத்திவிட்டு, போனைக்கூட எடுக்காமல் கிழக்கேகோட்டைக் கடைத்தெருவுக்கு ஓடினான். கடைகடையாக ஏறி இறங்கி, ஒரு புது எல்.இ.டி.யோடு திரும்பினான்.

பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. பக்கத்தில் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுக்கும் ஒரு பொட்டு.

"என்னம்மா இது?"

"இன்னிக்கு நவராத்திரி அஷ்டமில்லா? தொழில் சாமானெல்லாம் பூஜைக்கு வச்சாச்சு. விஜயதசமி காலைல பூஜை எடுக்குறவரை தொடப்பிடாது மக்கா."

"ஐயோ, நாளைக்கு ஆளு வருமே!"

"வராது. அந்த ரிசார்ட்டு ஆளு போன்ல கூப்பிட்டாரு. 'பூஜைல வச்ச தொழில எம்மவன் தொடமாட்டான், அவசரம்னா வேற ஆளப் பாரும்'னுட்டேன். செரின்னு போன வச்சிட்டாரு."

இத்தனை வருஷத்தில் அம்மா அவனைப் பெருமையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.