இரண்டு கை வேலை

கலையுலகம் கவனிக்கவும்: ஓய்வுபெற்ற மேனேஜர் ஒருவர் புகைப்படக் கலைஞராக அவதாரம் எடுக்கத் திருவுளம் கொண்டு, மனைவி சகிதம் கேமராக் கடைக்கு எழுந்தருளினார்.

"புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த டிஎஸ்எல்ஆர் போதும் சார். ஆரம்ப மாடல்" என்றார் விற்பனையாளர்.

"ஆரம்பமா? எனக்கா? நான் மொபைல்ல எடுத்த படத்துக்கே மொத்த ஆபீஸும் கைதட்டிச்சு!"

கலைஞர் கேமராவோடு வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்ததும் மனைவி குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இதை ஒரு கையால பிடிச்சுப் படம் எடுக்க முடியுமா?"

பாரத்துக்குப் பயப்படுகிறார் என்று விற்பனையாளர் நினைத்துக்கொண்டார்.

"கஷ்டம்மா. ஒரு கை லென்ஸைத் தாங்கணும், ஒரு கை பட்டனை அமுக்கணும். லேசா வேணும்னா வேற காட்டறேன், ஒரே கையில..."

"ஐயோ, வேண்டாம்! இதையே போடுங்க. மொபைல்னா ஒரு கை சும்மாதானே இருக்கு, அதுல சிகரெட் ஏறிடுது. இன்னொரு அட்டாக் வந்தா என்னால ஆகாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்."

விற்பனையாளர் பெட்டியை எடுத்தார். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட உள்ளே ஒரு வார் இருந்தது. தொங்கவிட்டால் இரண்டு கையும் காலி.

அதைச் சத்தமில்லாமல் உருவி, மேசை டிராயருக்குள் போட்டார்.