கழுதை வைத்த மூன்று அச்சு

சிங்க ராஜாவின் தலையை எடுப்பதென்று விலங்குகள் கூடித் தீர்ப்பெழுதின. ஈரக் களிமண்ணில் ஆளுக்கொரு காலடி பதிக்க வேண்டும், அதுதான் கையெழுத்து. கழுதைக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாவையே தீர்த்துக்கட்டுகிற கையெழுத்தாச்சே! எல்லாரையும் முட்டித் தள்ளிவிட்டு நட்டநடுவில் குளம்பை அழுத்தியது. மனசு ஆறாமல் பக்கத்திலேயே இன்னும் இரண்டு தரம் அழுத்தியது. காலில்லாத பாம்பு ஏங்கி ஏங்கி அழுதது.

அன்றே ராஜாவின் தலை உருண்டது.

மறுவருஷம் ராஜாவின் மகனான இளஞ்சிங்கம் படையோடு வந்து அரியணை ஏறியது. காய்ந்த களிமண்ணைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு காலாகப் பொருத்திப் பார்த்தது. பாம்பு முதல் வரிசையில் வந்து சொகுசாகச் சுருண்டுகொண்டது.

"புல்லு மேயப் போனேன் ராஜா, தெரியாம கால் பட்டிருச்சு," என்றது கழுதை.

"மூணு தரமா?"

"முதல் ரெண்டும் சரியா விழலீங்களே ராஜா!"