காமாட்சியின் இரத்தம்

"காமாட்சியின்ர இரத்தம் வேணும். மூண்டு குழாய்."

தவமலர் கேட்டே விட்டாள். கோயில் பசு காமாட்சியைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே என்று ரெய்னர்ஸ் லேனிலுள்ள தலைவர் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பா கெஞ்சியிருந்தார்.

கோயில் தலைவர் தில்லையம்பலத்தார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "போன கிழமைதானே மாட்டு டொக்டர் ஊசி போட்டுப் பாத்தவர். மூண்டு நாளாகியும் கழுத்தில ஒரு தடிப்பும் இல்லை. காசநோய் இல்லையெண்டு எழுதியும் தந்திட்டார்."

"வருத்தம் முத்தினால் உடம்பு சண்டை பிடிக்கிறதை விட்டிடும். தோல் தடிக்காது. எலும்பும் தோலுமாய் நிண்டு இருமுது, மூக்கால வடியிறது பால் வாளிக்கை விழுது. அதைக் காய்ச்சாமல் தீர்த்தமெண்டு பிள்ளையளுக்கு ஊத்துறியள். அக்காவின்ர மகளுக்குக் கழுத்தில நெறி கட்டியிருக்கு."

"வருத்தம் இருக்கெண்டு வந்தால் கவுண்மேந்து பசுவைக் கொல்லும். அந்தப் பாவம் ஆருக்கு? நாலு எழுத்துப் படிச்ச உடனை..."

"எங்கட வீட்டில நான்தான் முதல் படிச்சனான். அதாலைதான் சத்தமாய்க் கேக்கிறன்."

"குடுத்து விடுங்கோ அண்ணை," என்றார் அப்பா, மெதுவாக. தவமலர் அவரை நன்றியோடு பார்த்தாள்.

தலைவர் சிரித்தார். "நீ விடமாட்டாய் எண்டு தெரிஞ்சு, டொக்டரைக் கொண்டு காலமையே எடுப்பிச்சு வைச்சாச்சு, பிள்ளை."

உள்ளே போய், துணியில் சுற்றிய மூன்று குழாய்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐஸ் மாதிரிக் குளிர்ந்தன. தவமலர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எங்கட லாபில செய்யிற புது டெஸ்டுக்கு இரத்தம் உயிரோட இருக்க வேணும். கிருமியின்ர சத்தைக் கலந்தால் அது கொதிச்செழும்பும். அதைத்தான் அளக்கிறது. பிரிட்ஜில வைச்சால் செத்திடும். செத்த இரத்தம் எந்த மாட்டையும் சுகமெண்டுதான் சொல்லும்."

தலைவர் மெய்யாகவே திகைத்துப் போனார். "எனக்கு உது தெரியாது, பிள்ளை. பிரிட்ஜில வைச்சால்தான் பழுதாகாதெண்டு..." பாதியில் நிறுத்தி, அப்பாவைப் பார்த்தார்.

தவமலர் குழாய்களை மேசையில் போட்டுவிட்டுக் கோட்டை மாட்டினாள். சந்தியில் போன் பெட்டி இருந்தது. விவசாய அமைச்சுக்கு என்ன சொல்வதென்று அவள் முடிவெடுத்துவிட்டாள்.

அப்பாவும் எழுந்தார்.

"நீங்கள் இருங்கோ," என்றாள், கதவைத் திறந்தபடி. "பிரிட்ஜில வைச்சால் செத்திடுமெண்டு உங்களுக்கு மட்டுந்தான் சொன்னனான், அப்பா."