நடக்க வந்தவர்கள்

சகலரும் அறிக: மலை நடைப்பயணக் குழுவினர் இன்று நம் தேயிலைத் தோட்டக் கலாச்சாரத்தைக் கண்டுகளிக்க எழுந்தருளியிருக்கிறார்கள். பனிமூட்டத்துக்குள் உறுமிக்கொண்டு நிற்கும் தோட்டத்து லோரியிலிருந்து சேறு படாத பூட்ஸுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. தொழிலாளர் லயத்து வாசலில், பிரசவ வலியில் வளையும் ருக்குமணியைப் பெண்கள் தாங்கி நிற்கிறார்கள். “நம்மை வரவேற்கக் காத்திருக்கிறார்கள்,” என்று வழிகாட்டி குணசேகரன் ஆங்கிலத்தில் விளக்க, கேமராக்கள் சொடுக்குகின்றன. ருக்குமணியின் விரல்கள் கதவுச் சட்டத்தைப் பிடித்து வெளுக்கின்றன. “தம்பி, பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு. லோரிய தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க,” என்கிறாள் அவள் அம்மா பாக்கியம். “தோட்டத்துத் துரை உத்தரவும்மா. இவங்க அடுத்து அருவி பாக்கணும்,” என்கிறான் குணசேகரன். “நடக்கத்தானே வந்தாங்க? நடக்கச் சொல்லுங்க லா!” ஒரு வெள்ளைக்காரி ருக்குமணியின் கையில் மிட்டாய் வைத்துப் புன்னகைக்கிறாள். வந்தவர்கள் எல்லோரும் மறுபடி ஏறுகிறார்கள். லோரி அருவிக்குப் போகிறது.