இடது துளையில் வந்தவர்

ஒரு மேஜை மேல் ஒரு லேப்டாப்பும் பெரிய மானிட்டரும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. லேப்டாப்புக்குள்ளே அடுக்குக்காரன் என்றொரு நிரல் இருந்தான். திரையில் திறக்கிற ஜன்னல்களை இடுக்கு விடாமல் அடுக்குவது அவன் உத்தியோகம். பாதி எழுதிய கடிதம், வரைபடம், பாட்டுப்பெட்டி என்று மூன்று ஜன்னல்களைப் பெரிய மானிட்டரில் குடிவைத்திருந்தான்.

ஒருநாள் காலை மேஜையைத் துடைத்தவர்கள் லேப்டாப்பின் இடது துளையிலிருந்த மானிட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்றையும் அடுக்குக்காரன் லேப்டாப்பின் சின்னத் திரைக்குள் திணித்தான். வரிக்கு இரண்டு சொல்தான் கொள்ளும் என்கிற அளவுக்குக் கடிதம் ஒடுங்கிப்போயிற்று.

"பொறுங்க, அப்பா வந்துடுவார்" என்று அது மற்ற இரண்டையும் தேற்றியது.

சாயங்காலம் கேபிளை மறுபடி மாட்டினார்கள், வலது துளையில்.

"வந்துட்டேன். என் பிள்ளைங்களை அனுப்புப்பா" என்றது மானிட்டர்.

"நீங்க யாரு?" என்றான் அடுக்குக்காரன்.

"விளையாடாதே. காலையிலதானே போனேன்."

"போனவர் இடது துளைக்காரர். நீங்க வலது. புது ஆளுக்கு வெறும் திரைதான்."

"என் முகத்தைப் பாரேன்."

"முகம் பார்க்கிற வழக்கம் இங்கே இல்லைங்க."

"அவர்தாங்க அது" என்றது கடிதம்.

"உன்னைக் கேட்டேனா?" என்று அதை இன்னும் ஒரு விரல் ஒடுக்கினான்.

மறுநாள் இடது துளையில் வேறொரு பழைய மானிட்டரை மாட்டினார்கள். அடுக்குக்காரன் எழுந்து நின்றான்.

"வாங்கய்யா. உங்க பிள்ளைங்க பத்திரமா இருக்காங்க" என்று மூன்றையும் அனுப்பிவைத்தான்.

அவற்றைப் பழைய மானிட்டர் அதற்கு முன் பார்த்ததே கிடையாது. "நல்லா வளர்ந்துட்டீங்களே" என்றது.

எதிரே பெரிய மானிட்டர் முழு வெளிச்சத்தோடு, வெறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கடிதம் தன் வரிகளை ஒருமுறை நீட்டிப் பார்த்தது. தாராளமாக இருந்தது.

"ஆமாம், அப்பா" என்றது.