பால்மானி கேட்ட ஏப்பம்

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் பால் சொசைட்டியில் பால்மானிக்கு வேலை. ஒரு நாள் அது செயலாளரின் சட்டைப்பையில் கிடந்தபடியே அவர் வீட்டுக்கு வந்துவிட்டது.

அடுப்படி மேடையில் இரண்டு டம்ளர் தாய்ப்பால். அம்மா வேலைக்குக் கிளம்பும் முன் பிள்ளைக்குப் பீய்ச்சி வைத்தது. முதலில் நிறைந்த டம்ளரில் பால் நீர்த்திருந்தது, அடுத்ததில் கெட்டி.

பால்மானி முதல் டம்ளருக்குள் குதித்து நின்றுகொண்டது. “தண்ணி கலந்தது யாரு? சொன்னாத்தான் வெளிய வருவேன்!”

தொட்டிலில் பிள்ளை பசியில் வீறிட்டது.

“வெளிய வாய்யா,” என்றது பால் புகட்டும் சங்கு. “மொதல்ல நீர்த்துதான் வரும், போகப்போகக் கெட்டியாகும்.”

“ஒரே மாடு, ஒரே வேளை, ரெண்டு விதமாவா?”

“மாடுன்னு சொன்னது அவ காதுல விழுந்தா உன்னை ரெண்டா ஒடச்சிருவா.”

பால்மானி அலறி வெளியே குதித்தது. அப்பாவான செயலாளர் வந்து சங்கில் ஊற்றிப் புகட்ட, பிள்ளை இரண்டு டம்ளரையும் காலி செய்து, பெரிதாக ஏப்பம் விட்டுத் தூங்கியது.

“நான் இன்னும் அளவு என்னன்னு சொல்லவே இல்லையே?” என்றது பால்மானி.

“அதான் ஏப்பம் சொல்லிருச்சே, இப்பத்தானே காதால கேட்டே!” என்றது சங்கு.

மறுநாள் சொசைட்டியில் கேனுக்குள் இறங்கிய பால்மானி வாயே திறக்கவில்லை.

“அளவைச் சொல்லித் தொலையேன்யா,” என்றது கேன்.

“பொறு. கன்னுக்குட்டி இன்னும் ஏப்பம் விடல.”